கட்டிலுக்கடியில் பிடியரிசி

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் ஒரு தீர்மானம் வந்தது. இனிமேல் பிடியரிசி வேண்டாம்!

பிடியரிசி என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சோறு பொங்க அரிசி அளந்த பிறகு, உலையில் போடும் முன்னால், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு டின்னில் போட்டுவைப்போம். அது கர்த்தருக்கு. மாதம் ஒருமுறை சபையில் கொண்டுபோய்க் கொடுத்தால், இல்லாத வீட்டுக்குப் போகும். திருவனந்தபுரத்துத் தமிழ்ச் சபைகளில் எங்கள் வயதுக்காரிகள் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கை தானாகப் போகும்.

சங்கத்துச் செயலாளர் கிரேஸ் டீச்சர் எழுந்து நின்று காரணம் சொன்னார்.

"ரேஷனரிசி, சம்பா, பொன்னி, பச்சரிசி... எல்லாம் ஒரே சாக்குல. பொங்கினா பாதி கொழஞ்சு போவுது, பாதி கல்லாட்டம் நிக்குது. வாங்குத வீட்டுக்காரி நம்மளத் திட்டிப் பிராகுதா, கேட்டியளா? இனி கவர்ல பைசா போட்டாப் போரும்."

பின்வரிசையில் ஒரு குரல்: "அது செரிதான் டீச்சரே. எங்க வீட்டுல இப்பம் ராத்திரி சப்பாத்தி. சப்பாத்தியில எப்பிடிப் பிடி எடுக்கது?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"சீனாவுல இந்தப் பிடியரிசியால ஒருத்திக்கு வேலை போகப் பாத்துது..."

அவ்வளவுதான். முப்பது நாற்பது முகங்கள் ஒரேயடியாக என் பக்கம் திரும்பின.

"எந்தாக்கா? சீனாவுலயா? எழும்பி நின்னு பறையுங்க, பறையுங்க!"

எழுந்தேன். "ஒண்ணுமில்ல" என்று உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் எனக்குப் பேச வராது. பேச வந்திருந்தால் வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தை ஏன் நிரப்பப் போகிறேன்? அங்கே விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், 2005-இல், நான் சீனாவில் கல்லூரி மாணவி.

சிரிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள்தான். என் மகள் ஜெபா அங்கே, வடக்கே ஒரு குளிர் ஊரில், ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா போன பிறகு இங்கே நான் தனி. "வாம்மா" என்றாள். விசிட்டர் விசாவில் போனால் மூன்று மாதத்தில் திரும்ப வேண்டும். மொழி படிக்க வந்த மாணவி என்றால் ஒரு வருஷம் இருக்கலாம். சான்றிதழ் எதுவும் கேட்க மாட்டார்களா என்றேன். பீஸ் கட்டினால் போதுமாம்.

அப்படித்தான் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, இரண்டு ஸ்வெட்டரும் அதற்குமேல் சேலையும் அதற்குமேல் ஒரு கோட்டும் போட்டுக்கொண்டு, ஐம்பது வருஷம் கழித்து மறுபடியும் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு கொரியாக்காரப் பெண். முன்னால் இரண்டு ரஷ்ய இளைஞர்கள். எல்லோரிடமும் தட்டினால் அர்த்தம் சொல்லும் குட்டி மிஷின் இருந்தது. என்னிடம் சீவிய பென்சில் இரண்டு.

எழுதுவது கஷ்டமாக இல்லை. ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. எந்தக் கோடு முதலில், எது பிறகு என்று ஒழுங்கு உண்டு. சின்ன வயதிலிருந்து லேஸ் பின்னிய கை என்னுடையது. எந்த நூல் எதற்கு மேலே போக வேண்டும் என்பது கைக்குச் சீக்கிரம் படிந்துவிடும். என் நோட்டை வாத்தியாரம்மா தூக்கி எல்லோருக்கும் காட்டுவார்.

வாய்தான் திறக்காது. என் பெயர் பொன்னம்மாள் என்பதால், பொன் என்று அர்த்தம் வரும்படி எனக்கு 'ஜின்' என்று சீனப் பெயர் வைத்திருந்தார் வாத்தியாரம்மா. "ஜின், வாசியுங்கள்" என்பார். நான் புத்தகத்தைப் பார்ப்பேன். அவர் என்னைப் பார்ப்பார். ரஷ்யர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். பிறகு அவரே வாசித்துவிடுவார்.

ஜெபாவுக்கு ஆசிரியர் குடியிருப்பில் ஒற்றை அறை. கூட ஆள் தங்கக் கூடாது என்று சட்டம். எனக்கு அதே வளாகத்தில் வெளிநாட்டு மாணவர் விடுதி, மூன்றாம் மாடி. மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை. மாலையில் நான் சோறு வைத்துவிட்டால் ஜெபா வந்துவிடுவாள். அங்கே கிடைத்தது குட்டைக் குட்டையாக ஒட்டுகிற அரிசி. நம் சம்பா மாதிரி உதிராது. என்ன செய்ய? அரிசி மாறினாலும் கை மாறுமா? முதல் நாளே ஒரு பிடி எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்ச் சபைக்குப் போவேன். அரசாங்கத்தில் பதிந்த பெரிய சபை. இடம் போதாமல் முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்வார்கள். பிரசங்கம் ஒரு மணி நேரம். ஒன்றும் புரியாது. ஆனால் பாட்டு ஆரம்பித்தால் ராகம் எல்லாம் நம் ராகம்! அவர்கள் சீனத்தில் பாடுவார்கள், நான் தமிழில் பாடுவேன். பக்கத்துப் பாட்டிகள் திரும்பிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அது பிடிக்கும். பேச வேண்டியதில்லை அல்லவா?

ஜெபா முதலிலேயே எச்சரித்திருந்தாள். "அம்மா, சர்ச்சுக்குப் போ, பாடு, வா. ஆனா இங்க யாரையும் உட்கார வெச்சு பைபிள் கிளாஸ் எடுக்கப்பிடாது, கேட்டோ? பிரச்னை ஆகும்."

எனக்கா இந்த எச்சரிக்கை? பக்கத்து வீட்டுக்காரியிடம் சுகமா என்று கேட்கவே நான் அரைமணி நேரம் யோசிக்கிறவள்!

ஒரு மாதம் ஆனதும் சேர்ந்த அரிசியைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு சபைக்குப் போனேன். அங்கே காணிக்கைக்கு ஒரு மரப்பெட்டி. மேலே நோட்டு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல். அரிசி எப்படிப் போகும்? வாசலில் நின்ற பெரியவரிடம் பையை நீட்டினேன். அவர் திறந்து பார்த்தார். சிரித்தார். வாங்கி ஒரு நாற்காலியில் வைத்தார். அப்பாடா, இங்கேயும் வழக்கம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், அதே பெரியவர் ஓடி வந்து பையை என் கையில் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிறார். கடைக்குப் போய்விட்டு வந்தவள், சாமானைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று நினைத்திருக்கிறார் பாவம்!

விளக்கிச் சொல்ல வாய் இல்லை. தலையாட்டிவிட்டு வாங்கி வந்தேன்.

எடுத்து வைத்ததைத் திரும்ப உலையில் போடலாமா? கூடாது. அது என்னுடையது இல்லை. அதற்காக எடுப்பதை நிறுத்தலாமா? அதுவும் முடியவில்லை. டின் நிறைந்தால் பை. பை நிறைந்தால் இன்னொரு பை. எல்லாம் கட்டிலுக்கடியில். இதை ஜெபாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

எங்கள் மாடியைப் பார்த்துக்கொண்டவள் பெயர் லியூ. ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் லியூ ஆயி என்பார்கள். ஆயி என்றால் அங்கே சித்தி, அத்தை மாதிரி ஒரு மரியாதைக் கூப்பாடு. என்னைவிட இளையவள்தான், ஊரோடு சேர்ந்து நானும் அப்படியே கூப்பிட்டேன். கீழே படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறைதான் அவளுக்கு வீடு. வாரம் ஒருமுறை எல்லா அறைகளையும் திறந்து படுக்கை விரிப்பு மாற்றுவாள்.

பனிக்காலம் பாதி கடந்தபோது ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்தால், என் கதவருகே ஒரு கிண்ணம். மூடியைத் திறந்தால் ஆவி பறக்கிற மாவு உருண்டை இரண்டு. நம் இட்லியை உருட்டி வைத்தது போல இருக்கும். மறுநாள் அவித்த முட்டை. அதற்கு மறுநாள் லியூ ஆயியே கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போகவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள்.

"சாப்பிடு, சாப்பிடு." அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும்.

என்மேல் என்ன திடீர்ப் பிரியம்? பதிலுக்கு, ஊரிலிருந்து கொண்டுபோன ஏத்தங்காய் சிப்ஸைக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பி என் கையிலேயே திணித்தாள். நீயே வைத்துக்கொள், உனக்கு வேணும் என்கிற மாதிரி ஒரு ஜாடை.

அந்த வாரமே ஒரு மாலை, ஜெபா முகம் சிவக்க உள்ளே வந்தாள்.

"அம்மா, நீ அந்த ஆயிகிட்ட என்ன பறஞ்சே?"

"நானா? நான் யாருகிட்ட மக்ளே பேசியிருக்கேன்?"

"வராந்தாவுல வெச்சு என்னப் பிடிச்சு நிறுத்தி அப்பிடி ஒரு சத்தம்! வாத்தியார் வேலை பாத்து என்ன பிரயோஜனம், பெத்த தாய்க்கு வயிறு நெறயச் சோறு போட மாட்டியாண்ணு கேக்குறா. மூணு ரஷ்யன்மாரு நின்னு கேட்டாச்சு!"

"எதுக்கு அப்பிடிக் கேக்கா?"

"நீ பட்டினிக்குப் பயந்து அரிசி ஒளிச்சு வெக்கிறியாம். எங்கம்மா ஒளிச்சு வெச்சிருக்கே?"

கட்டிலுக்கடியைக் காட்டினேன். குனிந்து பார்த்த ஜெபா அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்து முடித்து, "நாளைக்கே இத ஒதுக்கிரணும் அம்மா" என்றாள். நாளைக்கு என்றால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றால் அடுத்த மாதம். உங்கள் வீட்டில் எப்படியோ, எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பனி உருகி வெயில் வந்தது. கூடவே அரிசி வண்டும் வந்தது.

வண்டுக்கு என் கட்டில், அடுத்த அறைக்காரியின் கட்டில் என்று வித்தியாசம் தெரியுமா? கொரியாக்காரப் பெண்ணின் தலையணையில் ஊர்ந்திருக்கிறது. அவள் அலறிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். விடுதி மேலாளர் சுன் என்பவர் இரண்டு ஆட்களோடு வந்து என் கட்டிலை நகர்த்தினார். பிஸ்கட் டின் ஒன்று, பைகள் ஏழு. வரிசையாக வெளியே எடுத்து வைத்தார்கள். வராந்தாவில் கூட்டம்.

தானியம் எதுவும் அறையில் சேர்த்துவைக்கக் கூடாது, எலி வரும் என்று விதி. கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த காகிதத்தில் அது பதினோராவதாக இருந்ததாம். நான் அதுவரை நாலாவது வரைதான் வாசித்திருந்தேன்.

சுன் என்னிடம் ஏதோ கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். திரும்பக் கேட்டார். வகுப்பில் நிற்பது போலவே நின்றேன். பிறகு அவர் லியூ ஆயி பக்கம் திரும்பினார். இது புரிந்தது: "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போதிலிருந்து?"

"பனிக்காலத்திலிருந்து."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை.

மாலையில் ஜெபா விசாரித்துக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் ஆகாது. வெளிநாட்டுக்காரி, பீஸ் கட்டியவள். ஆனால் விதியை மீறியதைப் பார்த்தும் சொல்லாமல் இருந்ததற்காக லியூ ஆயியை வேலையை விட்டு நீக்கப் போகிறார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலை போனால் படிக்கட்டுக்கு அடியில் உள்ள அறையும் போகும்.

"நாளைக்கு எனக்குப் பரீட்சை டூட்டி அம்மா. உச்சைக்கு மேல போய்ப் பேசறேன்."

"உச்சைக்குள்ள எல்லாம் தீந்திருமே மக்ளே."

"பின்னே நீ போ."

"நானா?"

"உன் அரிசிதானே?" என்றாள். பதில் சொல்ல முடியாத கேள்விகளை மகள்கள் எங்கேதான் படிக்கிறார்களோ!

மறுநாள் குக்கர் பாத்திரத்தையும், கொஞ்சம் நல்ல அரிசியையும், காலியான பிஸ்கட் டின்னையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். இரண்டே இரண்டு சீன வாக்கியங்களைக் கட்டம் போட்ட தாளில் எழுதி, படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டேன். மூன்று மாடி. அறுபத்திரண்டு படி.

ஆபீசில் சுன், இன்னும் இரண்டு பேர். லியூ ஆயி சுவரோரம் நின்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தாளை எடுத்தேன். வகுப்பில் போலவே எழுத்து அழகாக இருந்தது, வாய்தான் திறக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, பாத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்டேன். அதிலிருந்து ஒரு பிடி எடுத்தேன். கண்ணை மூடினேன், திறந்தேன். பிடியை டின்னில் போட்டேன். தகரத்தில் அரிசி விழுகிற சத்தம் அந்த அறையில் மழை மாதிரிக் கேட்டது. தினமும் என்று காட்ட, சுவரில் தொங்கிய காலண்டரில் விரலை ஒவ்வொரு நாளாக நகர்த்தினேன்.

சுன் பாத்திரத்தைப் பார்த்தார். "யாருக்கு?" என்று கேட்டார்.

கர்த்தர், காணிக்கை, சங்கம்... எதற்கும் எனக்கு அங்கே வார்த்தை இல்லை. நாலாம் பாடத்தில் படித்த வார்த்தை ஒன்றுதான் வந்தது.

"பசிக்கிறவருக்கு."

அதோடு, எழுதி வைத்த இரண்டு வாக்கியமும் தாமாக வந்தன. "அவள் தப்பு இல்லை. என் தப்பு." ஆறு மாதத்தில் வகுப்பில் நான் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது.

சுன் லியூ ஆயியிடம் திரும்பி என்னவோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அழவில்லை. கடையில் விலை சொல்கிற குரலில், நாலைந்து வாக்கியம். எனக்குப் புரிந்தவை 'அம்மா', 'ஆறு வயது', 'கட்டில்' மட்டும். சுன் டீ கிளாஸின் மூடியைத் திறந்தார், மூடினார். குடிக்கவில்லை.

அவள் சொன்னதைப் பிறகு ஜெபாதான் கேட்டு வந்து சொன்னாள். அவளுக்கு ஆறு வயதில் அங்கே பெரிய பஞ்சம். தானியமெல்லாம் ஊர்ப் பொதுச் சமையலுக்கு, வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு. அவள் அம்மா கட்டிலுக்கடியில் ஒரு சின்னப் பை ஒளித்து வைத்திருந்தாளாம். யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். பை போனது. அந்தப் பனிக்காலத்திலேயே அவள் தம்பியும் போனான். 'கட்டிலுக்கடியில் அரிசி வைத்திருக்கிற ஒரு பெண்ணை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். வேலை போனால் போகட்டும்.' இதுதான் அந்த நாலைந்து வாக்கியம்.

வேலை போகவில்லை.

ஆனால் விதி விதிதானே? சுத்தமான மாடிக்கு மாதாமாதம் ஒரு சிவப்புக் கொடி கொடுப்பார்கள். அதை எங்கள் மூன்றாம் மாடியிலிருந்து இரண்டு மாதத்துக்குக் கழற்றி இரண்டாம் மாடியில் மாட்டினார்கள். லியூ ஆயிக்கு அதுதான் பெரிய வருத்தம். இரண்டாம் மாடிக்காரியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அரிசியை எறிய விடவில்லை அவள். பின்முற்றத்தில் செய்தித்தாள் விரித்து வெயிலில் காயப்போட்டாள். நானும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். இரண்டு பேருமாகப் புடைத்து, பொறுக்கி, வண்டு போக்கினோம். அவளுக்கு முறம் இல்லை, மூங்கில் தட்டு. ஆனால் மணிக்கட்டு திரும்புகிற விதம் அதேதான். பக்கத்தில் புதுக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. கிராமத்திலிருந்து வந்த கூலிக்காரர்கள். பெரிய பாத்திரத்தில் கஞ்சி வைத்து அவர்களுக்குக் கொண்டுபோனாள். எப்படி இருந்தது என்று ஜாடையில் கேட்டேன். காலிப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகு டின் என் அறையில் இல்லை. அவள் அறையில். தினமும் மாலை ஒரு பிடி அரிசியைக் கையில் மூடிக்கொண்டு அறுபத்திரண்டு படி இறங்கிப் போய்ப் போட்டுவிட்டு வருவேன். மழைக்கோட்டு போட்ட ரஷ்யன் ஒருவன் ஒரு நாள் வழிவிட்டு நின்று, என் மூடிய கையைப் பார்த்து, "என்ன பறவை?" என்று கேட்டான். தலையாட்டிவிட்டு நடந்தேன்.

ஒரு மாதம் போனதும் டின் வேகமாக நிறைவது போலத் தோன்றியது. என் கை பெரிதாகிவிட்டதா என்று பார்த்தேன். இல்லை. நான் போடுகிற வெள்ளை அரிசிக்கு நடுவில் மஞ்சளாக அவர்கள் ஊர்த் தினை. லியூ ஆயியிடம் டின்னைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரியாது என்று கையை விரித்தாள். அன்றைக்கு சுன்னிடம் சொல்லத் தெரியாத பொய்!

அவள் சபைக்கு வந்ததில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை. ஒரு வருஷம் முடிந்து ஊருக்குக் கிளம்பியபோது டின்னை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.

சரி, இவ்வளவு பேசினாயே, கிரேஸ் டீச்சரின் தீர்மானம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். நிறைவேறிவிட்டது. கவர்தான் இனிமேல். டீச்சர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கலந்த அரிசி சோறாக வேகாதுதான். ஆனால் கஞ்சியாக வேகும். அந்த ஒன்றைச் சொல்லத்தான் அன்றைக்கு வாய் திறந்தேன்.

இதையும் கவனித்திருக்கிறேன். நம்மை யாருக்கும் தெரியாத இடத்தில், நமக்குத் தெரியாத மொழியில், வெட்கம் கொஞ்சம் இளகுகிறது. சொந்த ஊரில், சொந்த மொழியில், நான் இன்னாருடைய மகள், இன்னாருடைய பெண்டாட்டி, ஐந்தாம் கிளாஸ் என்று முப்பது பேருக்கும் தெரியும். எப்படி வாய் திறக்கும்?

நேற்று கிரேஸ் டீச்சர் போன் செய்தார். "அக்கா, அண்ணைக்கு என்னமோ சீனாண்ணு சொல்ல வந்து விட்டுட்டிய. அடுத்த கூட்டத்துல பத்து மினிட்டு உங்களுக்குத்தான். ஒழிஞ்சு மாறப்பிடாது. தீர்மானத்த மாத்தணும்ணா அங்க வந்து பறையணும், கேட்டியளா?"

யோசித்தேன். சமையலறையில் என் டின் மூடிபோட்டு இருந்தது. தீர்மானம் வந்த பிறகும் கை நிற்கவில்லை.

வருகிறேன் டீச்சர், ஆனால் சீன மொழியில்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன்.